திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டாம்

வணக்கம். காலைப் பசியாறலின்போது தங்கள் தாயாரின் வலக்கையிலிருந்து குவளை நழுவியதாகவும், குழறிய பேச்சு 10 நிமிடங்களில் தெளிந்துவிட்டதாகவும் எழுதி, திங்கட்கிழமை கிளினிக்குக்கு அழைத்துச் செல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம். ஜார்ஜ்டவுனிலேயே இருப்பதால், இப்போதே பினாங்கு பொது மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டு செல்லுங்கள். மூளைக்குச் செல்லும் இரத்தம் சற்று நேரம் தடைபட்டு மீண்டாலும் இப்படித்தான் தெரியும். அதைத் தொடர்ந்து முழுப் பக்கவாதம் வரும் ஆபத்து முதல் இரண்டு நாட்களில்தான் மிக அதிகம்.

கிளம்புவதற்குள் பேச்சு மறுபடி குழறினாலோ, சிரிக்கச் சொல்லும்போது வாய் ஒருபக்கம் கோணினாலோ, உயர்த்திய இரு கைகளில் ஒன்று தானாகத் தாழ்ந்தாலோ, உடனே 999-ஐ அழையுங்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டியிருப்பதால், அவர் கடைசியாக நலமாக இருந்த நேரம் எது என்று மருத்துவர்கள் கேட்பார்கள். அதைக் குறித்து வையுங்கள்.

நீரிழிவு உள்ளவர் என்கிறீர்கள். கருவி கையருகே இருந்தால் சர்க்கரை அளவைப் பாருங்கள். அது மிகவும் இறங்கினாலும் பேச்சு குழறும். ஆஸ்பிரினை நீங்களாகக் கொடுக்காதீர்கள்: அடைப்பா, இரத்தக்கசிவா என்பது ஸ்கேனில்தான் தெரியும். விரல் நுனியை ஊசியால் குத்தும் வாட்ஸ்அப் வைத்தியத்தை யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். அவர் சாப்பிடும் மருந்துகள் அனைத்தையும் பையோடு எடுத்துச் செல்லுங்கள்.