சடங்கு நாளில் குறையும் நோ

கேள்வி: எங்கள் அம்மாவுக்கு 74 வயது. முழங்கால் தேய்வும் நாரி நோவும் பல வருடங்களாக உள்ளன. வீட்டில் சற்று நேரம் இருந்தாலே எழும்ப முடியாமல் முனகுபவர், கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிச் சடங்கில் வழக்குரை என்னும் கண்ணகி கதைப்பாடல் படிக்கப்படும்போது மணிக்கணக்காக அசையாமல் இருக்கிறார். இது நடிப்பு என்கிறார் அண்ணன். இப்போது, "அம்மாள் பார்த்துக்கொள்வா" என்று குளிசைகளையும் விட்டுவிட்டார். என்ன செய்வது?
– வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: உங்கள் அம்மா நடிக்கவில்லை என்பதை முதலில் அண்ணனுக்கு எடுத்துச் சொல்லுங்கள். மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியின் கடுமை, மூட்டுத் தேய்வை மட்டும் பொறுத்ததன்று. பயமும் தனிமையும் அதைக் கூட்டும், மனம் ஒன்றியிருப்பது அதைக் குறைக்கும். 2008இல் வெளிவந்த ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் சிறிய ஆய்வொன்றில், மரியன்னையின் ஓவியத்தைப் பார்த்தபடி மின்தூண்டலைத் தாங்கிய கத்தோலிக்கர்கள், வேறோர் ஓவியத்தைப் பார்த்தபோது உணர்ந்ததைவிடக் குறைவான வலியையே உணர்ந்தனர். வலியைக் கட்டுப்படுத்த உதவும் வலப்பக்க முன்மூளைப் பகுதியும் அப்போது கூடுதலாக இயங்கியது. சிறுவயது முதல் கேட்டுப் பழகிய வழக்குரை, வேப்பிலை வாசம், தோளோடு தோள் நெருங்கி இருக்கும் ஊர்ப் பெண்கள், அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திப் பாடல் பாடும்போது மனதில் இறங்கும் ஆறுதல் ஆகிய யாவும் அவருக்கும் அப்படியே உதவுகின்றன. அந்த ஆறுதலை அவரிடமிருந்து பறித்துவிடாதீர்கள்.

ஆனால் அவர் அம்மாளை எப்படி நினைக்கிறார் என்பதைக் கூர்ந்து கவனியுங்கள். "அம்மாள் என்னோடு நிற்கிறா" என்பவருக்கு நம்பிக்கை தெம்பு தரும். "நேர்த்திக்கடன் தீர்க்காததால் அம்மாள் தண்டிக்கிறா" என்று மருகுபவருக்கோ, அதே நம்பிக்கை வலியோடு மனச்சோர்வையும் சேர்த்துவிடக்கூடும். அவ்வாறு அவர் சொன்னால், மறுத்து வாதாடாமல், அவர் மதிக்கும் பூசகர் ஒருவரோடு ஆறுதலாகப் பேச வழிசெய்யுங்கள்.

குளிசையை விட்டதற்கு அம்மாள்தான் காரணமா என்பதிலும் எனக்கு ஐயம் உண்டு. டைக்குளோபெனாக் போன்ற நோக் குளிசைகள் முதியவர்களின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடியவை. வயிற்றெரிவு தாங்காமல் நிறுத்திவிட்டு, பிள்ளைகளைக் கவலைப்படுத்த விரும்பாமல் அம்மாளின் பெயரைச் சொல்லும் தாய்மார் உண்டு. வயிறு எரிகிறதா, மலம் கறுப்பாகப் போகிறதா என்று தனிமையில் கேளுங்கள். கறுப்பாகப் போனால் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். இல்லாவிட்டாலும் அவர் உட்கொள்ளும் எல்லாக் குளிசைகளையும் கிளினிக்குக்கு எடுத்துச் சென்று, மாற்று மருந்தும் முழங்காலுக்கான பயிற்சியும் பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். அடுத்த சடங்குக்கு அவர் சப்பாணி கட்டி இருக்காமல், கதிரையொன்றில் இருந்து, இடையிடையே எழுந்து சற்று நடக்க உதவுங்கள்.