சட்டத்துக்குள் மறைந்த எழுத்துகள்

மதிப்பிற்குரிய ஐயா,

பன்னிரண்டு ஆண்டுகளாகப் பல நாடுகளின் பழைய நாட்டார் கலைப்பொருட்களைச் சேகரித்து வருகிறேன். நைஜீரியாவின் யொரூபா மக்கள் செதுக்கிய இரட்டையர் பாவை ஒன்று என்னிடம் உள்ளது. அதன் கண்ணும் மூக்கும் தேய்ந்துவிட்டன. தேர்ந்த கைவினைஞரைக் கொண்டு சீர்செய்யலாமா? மெக்சிகோவில் தகரத்தில் தீட்டப்பட்ட நேர்த்திக்கடன் ஓவியங்கள் நான்கும் உள்ளன. அவற்றின் அடியிலுள்ள ஸ்பானிய எழுத்துகள் அழகைக் கெடுப்பதாகத் தோன்றியதால் அவை மறையும்படி மரச்சட்டமிட்டேன். போலிகளைக் கண்டறிவது எப்படி? நாடுவாரியாக அடுக்குவதா, கலந்து வைப்பதா? வீட்டில் இவற்றையெல்லாம் குப்பை என்கிறார்கள்.

*

அன்புள்ள நண்பருக்கு,

வீட்டார் சொல்வதைப் பொருட்படுத்தாதீர்கள். அடுக்கும் முறை உங்கள் விருப்பம். அமெரிக்க வடிவமைப்பாளர் அலெக்சாண்டர் ஜிரார்ட் 1978-இல் அந்நாட்டின் சாண்டா ஃபே நகரிலுள்ள நாட்டார் கலை அருங்காட்சியகத்துக்கு அளித்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்களில் ஒரு பகுதியை, நாட்டு எல்லைகளையெல்லாம் கலைத்துத் தானே காட்சிப்படுத்தினார். போலிகளைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். புகையும் தேயிலைச் சாயமும் பழமையின் நிறத்தைத் தரும். ஆனால் உண்மையான தேய்மானம் கை படும் இடத்தில்தான் இருக்கும். இண்டு இடுக்கெல்லாம் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் ஐயப்படுங்கள்.

அந்தப் பாவையின் முகத்தில் உளி படக்கூடாது. இரட்டையரில் ஒரு குழந்தை இறந்தால் யொரூபாத் தாய் அதற்கு ஈடாக இபெஜி என்னும் பாவையைச் செதுக்கச் செய்து, குளிப்பாட்டி, உணவூட்டி, செந்நிற மரத்தூள் பூசி, உயிருள்ள பிள்ளையைப் போலவே பேணுவாள். மூக்கு தேய்ந்தது அப்படித்தான். அதைச் சீர்செய்வதென்றால் அவள் கை பட்டதையெல்லாம் அழித்துவிட்டுப் புது மூக்கு ஒன்றை வைக்கிறீர்கள் என்று பொருள்.

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத வைத்தது அந்த ஓவியங்களுக்கு நீங்கள் இட்ட சட்டம்தான். சென்ற மாதம் ஒரு நண்பரின் வீட்டில், அவர் மறைந்தபின், அவருடைய பிள்ளைகளோடு அமர்ந்து நாற்பது பெட்டிகளைப் பிரித்தேன். முகமூடிகள், பொம்மைகள், பூத்தையல் துணிகள். ஒவ்வொன்றையும் எந்த ஊரில், யார் கையிலிருந்து வாங்கினார் என்பதை மணிக்கணக்கில் சொல்லக்கூடியவர் அவர். நானே பலமுறை கேட்டிருக்கிறேன், ஒரு வரிகூடக் குறித்துக்கொண்டதில்லை. அவரும் எழுதி வைக்கவில்லை. பிள்ளைகள் ஒரு முகமூடியைத் தூக்கிக் காட்டி “இது எந்த நாட்டுடையது?” என்று கேட்டபோது, அதன் கதையை இருமுறை கேட்டிருந்தும் என்னால் விடை சொல்ல முடியவில்லை. அவர்மீது எனக்கு இன்னும் கோபம் தணியவில்லை. அதில் பாதி என்மீதே உள்ள கோபம்.

நாட்டார் கலையில் செய்தவர் பெயர் இருப்பதில்லை என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். பல பொருட்களில் பெயர் இல்லாததற்குக் காரணம், வாங்கியவர் கேட்கவில்லை என்பதுதான். கேட்டு எழுதி வைத்தால் என்ன ஆகும் என்பதற்குக் கென்யாவில் ஓர் உதாரணம் உண்டு. மிஜிகெண்டா மக்கள் தம் முன்னோர் நினைவாக விகாங்கோ என்னும் மரத்தூண்களை நடுவார்கள். மானிடவியலாளர் மோனிகா உத்வார்தி 1985-இல் ஒருவரை அவர் குடும்பத்தின் இரு தூண்களோடு நிறுத்திப் படம் எடுத்தார். விரைவிலேயே அத்தூண்கள் திருடுபோயின. பல ஆண்டுகளுக்குப் பின், அவற்றில் ஒன்று அமெரிக்காவில் ஓர் அருங்காட்சியகத்தில் இருப்பதை மோனிகாவே கண்டறிந்தார். இன்னொன்றும் அமெரிக்காவிலேயே வேறோரிடத்தில் கிடைத்தது. யார் வீட்டுத் தூண் என்று அந்த ஒரு புகைப்படம் காட்டியதால்தான் அவை உரியவர்களிடம் திரும்ப முடிந்தது. படமில்லாத எத்தனையோ தூண்கள் எந்த வீட்டைச் சேர்ந்தவை என்று தெரியாமலே நிற்கின்றன.

இப்போது உங்கள் நான்கு தகரங்களுக்கு வாருங்கள். நேர்த்திக்கடன் ஓவியத்தில் அடியிலுள்ள எழுத்து வெறும் அலங்காரம் அன்று. எந்த நோயிலிருந்து, எந்த விபத்திலிருந்து, எந்தப் புனிதரின் அருளால் பிழைத்தேன் என்பதை, பல வேளைகளில் ஊரும் தேதியும் தம் பெயரும் சேர்த்து, நன்றியோடு ஒருவர் எழுதச் செய்த வரிகள் அவை. உலகெங்கும் நாட்டார் கலைப்பொருட்களின் கதை தெரியாமல் சேகரிப்பாளர்கள் தவிக்கும்போது, தன் கதையைத் தானே எழுதிக்கொண்டு வந்த பொருளின் வாயை நீங்கள் மரச்சட்டத்தால் அடைத்திருக்கிறீர்கள்! தேவாலயங்களிலிருந்து இத்தகைய ஓவியங்கள் திருடப்படுவதும் உண்டு. ஊர்ப்பெயரை மறைப்பது யாருக்கு வசதி என்பதையும் எண்ணிப் பாருங்கள். நீங்கள் வேண்டுமென்றே செய்யவில்லை என்று அறிவேன். அழகு கருதிச் செய்தீர்கள். என் நண்பரும் அழகு தெரிந்தவர்தான்.

இன்றிரவே சட்டங்களைக் கழற்றுங்கள். எழுத்துகளை வெளிச்சத்தில் படமெடுத்து, பொருள் புரியாவிட்டாலும் எழுத்துப் பிசகாமல் ஒரு நோட்டில் படியெடுங்கள். பாவையை யாரிடம், என்று வாங்கினீர்கள் என்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். பிறகு அந்த நால்வரும் எதிலிருந்து பிழைத்தார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.