அவலாஞ்சி ஓடைக்கு 9 அடி ராடு வேண்டாம் ப்ரோ

ப்ரோ, கையில 9 அடி 5 வெயிட் ஃப்ளை ராடு (ஃப்ளைனு சொல்ற, பூச்சி மாதிரி கட்டின கொக்கிய வீசுற தூண்டில் கம்பு; வெயிட் நம்பர் கூடக்கூட லைன் கனமாகும்) இருக்கு, நீலகிரி அவலாஞ்சி பக்கம் சின்ன ஓடைல ட்ரவுட் மீன் பிடிக்க அது போதுமா இல்ல 2 வெயிட் வாங்கணுமானு கேட்டிருந்தீங்க. அந்த 9 அடி ஏரிக்கு நல்ல ராடு, ஆனா ஓடைல சோலை மரம் ரெண்டு கரையிலயும் தலைக்கு மேல கவிஞ்சு நிக்கும், பின்னாடி வீச இடமே கிடைக்காது, லைன பின்னாடி வீசாம முன்னாடியே உருட்டி விடுற ரோல் காஸ்ட்தான் கை கொடுக்கும், அதனால 7லேர்ந்து 7½ அடி, 3 வெயிட் எடுங்க, லைனும் அதே 3. 2 வெயிட் ஆசையாத்தான் இருக்கும், ஆனா மலைக்காத்து கொஞ்சம் அடிச்சாலே ஃப்ளை வேற எங்கயோ போய் விழும், தண்ணிக்குள்ள மூழ்குற கனமான நிம்ஃப் ஃப்ளையும் சரியா போகாது. ஃபாஸ்ட் ஆக்‌ஷன் ராடு, அதாவது நுனி மட்டும் வளையுற விறைப்பான வகை, வேண்டவே வேண்டாம், 20 அடி தூரத்துக்கு வீசுறப்ப அது சரியா வளையாது. ஃபைபர் கிளாஸ் கிடைச்சா ரொம்ப சந்தோஷம், கையளவு ரெயின்போ ட்ரவுட் கடிச்சாலும் பிடி வரைக்கும் துடிப்பு தெரியும்! லீடர், அதாவது லைன் நுனில கட்டுற மெல்லிய நரம்பு, 7½ அடி, 5 எக்ஸ் தடிமன் போதும்.

காசு போடுறதுக்கு முன்னாடி மீன்வளத்துறை, வனத்துறை ரெண்டு இடத்துலயும் அனுமதி பத்தி கேட்டுடுங்க, அங்க நிறைய இடம் ரிசர்வ் காடு. அப்புறம் கொக்கில இருக்குற எதிர்முள்ள குறடால அமுக்கிடுங்க, சின்ன மீன திருப்பி விடுறப்ப வாய் கிழியாது.