எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு நன்றாகச் சாப்பிடுவது எப்படி? மனம் தளராமல் இருப்பது எப்படி?

கேள்வி கேட்ட சகோதரி தென்காசிப் பக்கம், வயது 31, சைவம். இரைப்பையின் பெரும்பகுதியை எடுத்துவிடும் ஸ்லீவ் முறையில் அறுவை சிகிச்சை முடிந்து ஏழு மாதம் ஆகிறதாம். ஐந்து வாரமாக எடை அசையவில்லை, வீட்டில் எல்லோருக்கும் ஒரு சமையல் தனக்கு ஒரு சமையல் என்றாகிவிட்டது, சலித்துப்போகிறது என்று எழுதியிருக்கிறார்.

நான் பாளையங்கோட்டையில் இருக்கிறேன். சர்க்கரை நோய் எந்த மருந்துக்கும் அடங்காமல் போனதால் நானும் எடைக்குறைப்பு அறுவை சிகிச்சையை பைபாஸ் முறையில் (இரைப்பையைச் சிறிதாக்கி, சிறுகுடலின் ஒரு பகுதியைத் தாண்டி இணைப்பது) செய்துகொண்டேன், சில ஆண்டுகள் ஆகிவிட்டன. மருத்துவம் படித்தவள் இல்லை. கீழே எழுதுவது என் மருத்துவரும் உணவியல் நிபுணரும் சொல்லிக்கொடுத்ததும், எங்கள் வீட்டு அடுப்படியில் நடைமுறைக்கு வந்ததும்தான். மாத்திரை அளவு, பரிசோதனை முதலியவற்றை உங்கள் மருத்துவரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள்.

எடை நின்றுபோனதற்குப் பயப்பட வேண்டாம். இந்தச் சிகிச்சை செய்துகொண்டவர்களில் அநேகமாக எல்லோருக்கும் இப்படி ஒரு கட்டம் வரும், சிலருக்கு இரண்டு மூன்று முறை வரும். உடல் இளைக்க இளைக்க அது அன்றாடம் செலவழிக்கும் சக்தியும் குறைகிறது, அதனால் இறக்கம் நின்று நின்றுதான் நடக்கும். இந்த நேரத்தில் பலர் பதறிப்போய், சாப்பிடுகிற கொஞ்சத்தையும் பாதியாக்கிவிடுகிறார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். புரதம் குறைந்தால் உடல் தன் தசையைக் கரைக்கத் தொடங்கும், தசை போனால் அந்தச் சக்திச் செலவு இன்னும் குறையும். எடை நிற்கும்போது பார்க்க வேண்டியவை: புரதம் போதுமான அளவு போகிறதா, தண்ணீர் போகிறதா, இடையில் கொறிப்பது கூடிவிட்டதா, நடை நின்றுவிட்டதா.

இனி முக்கியமான விஷயம். ஸ்லீவ் முறையில் இரைப்பையின் ஏறத்தாழ 80 சதவீதத்தை எடுத்துவிடுகிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது அந்தப் பகுதியில்தான். அதனால்தான் முதல் ஆண்டில் பசியே தெரிவதில்லை. பிறகு மெல்ல மெல்லப் பசி திரும்புகிறது. ஒன்றரை, இரண்டு ஆண்டுக்குப் பிறகு எடை மீண்டும் ஏறத் தொடங்குவதும் பலருக்கு நேர்கிறது. நீங்கள் இப்போது இருப்பது பசி அடங்கியிருக்கும் காலத்தில். வீட்டுச் சமையலைத் திருத்திக்கொள்ள இதைவிட நல்ல நேரம் வராது. மன உறுதி ஒரு நாள் இருக்கும், மறுநாள் கல்யாண வீட்டில் கரைந்துவிடும். அடுப்படி மாறிவிட்டால், மனம் சோர்ந்த நாளிலும் சரியான சாப்பாடுதான் தட்டுக்கு வரும். உங்கள் இரண்டு கேள்விக்கும் நான் சொல்கிற பதில் இதுதான்.

தனிச் சமையலை முதலில் நிறுத்துங்கள். அது உங்களை நோயாளியாகவே உட்கார வைத்திருக்கிறது, சமைக்கிறவருக்கும் வேலை இரட்டிப்பு. நம் நெல்லைச் சமையலில் பருப்புக்கும் பயறுக்கும் பஞ்சமில்லை. ஒரே பாத்திரத்திலிருந்து எல்லோரும் சாப்பிடலாம், அளவும் வரிசையும்தான் வேறு.

உளுந்தஞ்சோறு எங்கள் வீட்டில் மாறிய விதத்தைச் சொல்கிறேன். வழக்கமாக ஒரு பங்கு அரிசிக்கு அரைப் பங்கு தோலுளுந்து போடுவோம். இப்போது இரண்டும் சம பங்கு. தேங்காயைக் குறைத்து, பூண்டையும் வெந்தயத்தையும் அப்படியே விட்டு, குழைய வேகவைக்கிறோம். எள்ளுத் துவையலும் அவியலும் தொட்டுக்கொள்ள. "இது என்ன களியாக இருக்கிறது?" என்று முதலில் முகம் சுளித்த என் அத்தையே, இப்போது மூட்டுவலிக்கு இதுதான் நல்லது என்று பக்கத்து வீட்டுக்கும் கொடுத்து அனுப்புகிறார். உலர்ந்த உளுந்தில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 24 கிராம் புரதம் இருக்கிறது. சொதி வைக்கிற நாளில் கரண்டியை அடிவரை விட்டு, பாசிப்பருப்பும் காய்கறியும் திரண்டு வருகிற மாதிரி எடுத்துக்கொள்வேன். மேலே நிற்கிற தேங்காய்ப்பால் மற்றவர்களுக்கு. இட்லி சுடுகிற காலையில் எனக்குப் பாசிப்பயறு தோசை ஒன்று, சில நாள் வீட்டிலுள்ள எல்லோருக்குமே அதுதான்.

சாப்பிடும் வரிசை: முதலில் புரதம், பிறகு காய், வயிற்றில் இடம் மிஞ்சினால் சோறு. பெரும்பாலான நாளில் சோறு இரண்டு கவளத்தோடு நின்றுவிடும். நான் சட்னிக்கு வைக்கிற சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில், தேக்கரண்டியால் சாப்பிடுகிறேன். ஒரு வாய் எடுத்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிடுவேன். வாயில் இருப்பது மாவாகும் வரை மென்று விழுங்கிய பிறகுதான் மறுபடி எடுப்பேன். போதும் என்பதற்கு உடம்பே ஒரு அடையாளம் காட்டும். எனக்கு மூக்கில் நீர் வடியும். சிலருக்கு ஒரு விக்கல், சிலருக்கு ஒரு தும்மல். உங்களுடைய அடையாளம் எது என்று கவனித்து வையுங்கள். அதைத் தாண்டி ஒரு வாய் போனாலும் நெஞ்சுக்கு நடுவில் கல் வைத்தாற்போல் வலித்து, வாயெல்லாம் எச்சில் ஊறி, வாந்தியில் முடியும்.

சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது, முடித்து அரை மணி நேரம் கழித்துத்தான் என்று உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். நமக்கு இதில் இடறுகிற இடம் ரசமும் மோரும். குழம்பு, ரசம், மோர் என்று மூன்று சுற்று சாப்பிட்டுப் பழகியவர்கள் நாம். ரசம் விட்டுக் கரைத்த சோறு வயிற்றில் தங்காமல் வழிந்து இறங்கிவிடும், நிறைவும் தெரியாது. நான் இரண்டையும் சாப்பாட்டிலிருந்து பிரித்துவிட்டேன். காலை பதினொரு மணிக்கு மோர், மாலையில் ஒரு டம்ளர் ரசம், மடக்கு மடக்காக. அன்றாடம் குடிக்க வேண்டிய ஒன்றரை முதல் இரண்டு லிட்டரில் இவையும் சேர்ந்துவிடுகின்றன. சோடா, கலர் போன்ற வாயு அடைத்த பானங்களின் பக்கமே போவதில்லை.

இதில் இன்னொன்றும் புரிந்துகொள்ள வேண்டும். சுண்டலும் பனீரும் நாலு வாயில் வயிற்றை நிறைத்து நிற்கும். முறுக்கு, மிக்சர், பிஸ்கட், ஐஸ்கிரீம், அல்வா ஆகியவை கரைந்து இறங்கிக்கொண்டே இருக்கும், தடையே தெரியாது. 'நன்றாக இறங்குகிறது, ஒத்துக்கொள்கிறது' என்று நினைத்து இவற்றுக்குப் பழகிவிடுகிறவர்களுக்குத்தான் எடை திரும்ப ஏறுகிறது. பைபாஸ் செய்த எனக்கு இனிப்பு கொஞ்சம் கூடினாலே அரை மணி நேரத்துக்குள் நெஞ்சு படபடத்து, வியர்த்து, வயிற்றைப் பிசையும். உங்களுக்கு ஸ்லீவ் என்பதால் அந்தத் தொந்தரவு குறைவாக இருக்கலாம், அதனாலேயே நீங்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். நம் ஊரில் வருகிறவர் போகிறவர் எல்லோரும் அரைக்கிலோ அல்வாவோடுதான் வருவார்கள். எங்கள் வீட்டுக்கு வரும் பொட்டலம் அன்றைக்கே அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் போய்விடும். மறுநாள் வரை வீட்டில் இனிப்பு தங்கக் கூடாது என்பது இப்போது குடும்பத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்ட ஏற்பாடு. கருப்பட்டியும் பதனீரும் சீனியை விட நல்லவை என்று பிரியத்தோடு கொடுப்பார்கள். நமக்கு அவையும் சர்க்கரைதான்.

சைவத்தில் ஒரு நாளைக்கு 60 கிராம் புரதம் எட்டுமா என்று நீங்கள் கேட்டது நியாயமான கவலை. எட்டும், திட்டமிட்டால். காலையில் பாலில் கரைத்த புரதப் பொடி ஏறத்தாழ 25 கிராம் தந்துவிடும். பொடி வாங்கும்போது சர்க்கரை சேர்க்காததாக, உங்கள் உணவியல் நிபுணர் சொன்னதாக இருக்கட்டும். மதியம் 50 கிராம் பனீரில் 9 கிராம். ஒரு சின்னக் கிண்ணம் தயிரில் 3 கிராம், கூட்டில் உள்ள பருப்பில் 4 கிராம். மாலையில் அரைக் கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், அதில் 7. இரவு 20 கிராம் மீல்மேக்கரை ஊறவைத்துப் பிழிந்து, பொடியாக நறுக்கி மிளகு போட்டு வதக்கினால் 10 கிராம். கூட்டிப் பாருங்கள், 60-க்கு ஒட்டி வந்துவிடும். சிறுநீரகத் தொந்தரவு உள்ளவர்கள் மட்டும் இந்தக் கணக்கை மருத்துவரிடம் கேட்டுத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

வைட்டமின் மாத்திரைகள் ஆயுளுக்கும். 'இப்போது நன்றாகத்தானே சாப்பிடுகிறேன்' என்று நிறுத்திவிடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வயிறு கலங்குகிறது. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைபாடு ஏற்கனவே அதிகம், சிகிச்சைக்குப் பிறகு இன்னும் குறையும். இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் சேர்த்துப் போடக் கூடாது, நடுவில் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையோடு டீ, காபி கூடாது. வாந்தி நாள்கணக்கில் நிற்காமல் இருந்து, கால் மரத்துப்போவது, நடை தள்ளாடுவது, பார்வை இரட்டையாகத் தெரிவது என்று எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். பி1 குறைபாடாக இருக்கலாம், தாமதித்தால் நரம்பையும் மூளையையும் பாதிக்கும். வலி மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். உங்கள் வயதைச் சொன்னதால் இதையும் சொல்கிறேன்: சிகிச்சை முடிந்து 12 முதல் 18 மாதம் வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போடச் சொல்வார்கள். வீட்டுப் பெரியவர்கள் 'விசேஷம் உண்டா?' என்று நெருக்கினால், இது மருத்துவர் வைத்த கெடு என்று தயங்காமல் சொல்லிவிடுங்கள்.

மனம் தளர்வதற்கு நம் பக்கத்தில் பெரிய காரணம் பந்திதான். இலையில் வைத்ததை மிச்சம் வைப்பது சாப்பாடு போட்டவரை அவமதிப்பதாக நினைக்கிற ஊர் நம்முடையது. போன ஆவணியில் எங்கள் உறவில் ஒரு கல்யாணம். மறுநாள் மாப்பிள்ளைச் சொதி விருந்து. நானும் என் மதினியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். பரிமாற வந்தவரிடம் என் இலைக்குச் சோறு வேண்டாம் என்று மதினி முந்திக்கொண்டு சொல்லிவிட்டார். கூட்டும் அவியலும் ஒவ்வொரு கரண்டி, சொதியிலிருந்து பருப்பும் காயும் மட்டும். எதிர்ப் பந்தியில் இருந்த சித்தி எழுந்தே வந்துவிட்டார். "எங்கள் வீட்டுச் சாப்பாடு பிடிக்கவில்லையா தாயி?" என்றார். மெதுவாகத்தான் சாப்பிட முடியும் சித்தி, ஆனால் சொதி பிரமாதம், இதோ இரண்டாவது தடவை கேட்டு வாங்குகிறேன் என்று சொல்லி, அரைக் கரண்டி கூட வாங்கிக்கொண்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அவர்களுக்கு வேண்டியது நாம் உண்ணும் அளவு இல்லை, கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற அந்த உரிமை. பந்திக்குத் தனியாகப் போகாதீர்கள். விஷயம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் பாதி பாரம் குறையும். கல்யாணத்துக்குக் கிளம்பும் முன் வீட்டிலேயே கொஞ்சம் சுண்டலோ பனீரோ சாப்பிட்டுவிடுங்கள்.

'முகம் வாடிவிட்டதே, ஆள் பாதியாகிவிட்டாயே' என்பவர்களும் இருப்பார்கள், 'ஆபரேஷன் செய்து குறைத்ததுதானே, இதில் என்ன பெருமை' என்பவர்களும் இருப்பார்கள். இரண்டாவது பேச்சுதான் உள்ளே தைக்கும். உடல் பருமன் ஒரு நோய். அதற்குச் சிகிச்சை செய்துகொண்டீர்கள், அந்தச் சிகிச்சையின் பலனை நாள்தோறும் மூன்று வேளையும் நீங்கள்தான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறீர்கள். இதில் குறுக்கு வழி எங்கே இருக்கிறது? முடி உதிர்வதைப் பார்த்தும் கலங்க வேண்டாம். மூன்றாம் மாதத்துக்கு மேல் உதிர்வது பலருக்கும் நடப்பதுதான். புரதமும் இரும்புச்சத்தும் சரியாக இருந்தால் சில மாதங்களில் திரும்ப முளைத்துவிடும்.

எடைக்கருவியில் வாரம் ஒரு நாள் மட்டும், ஒரே நேரத்தில் ஏறுங்கள். மற்ற நாட்களில் வேறு அளவுகோல்களைப் பாருங்கள். கோயிலில் தரையில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழ முடிகிறதா? தையற்காரரிடம் ரவிக்கையைப் பிடிக்கக் கொடுத்தீர்களா? எனக்குத் தோரணமலைதான் அளவுகோல். முன்பு அடிவாரத்திலேயே உட்கார்ந்துவிடுவேன், குடும்பம் மேலே போய்விட்டு வரும். இப்போது வழியில் மூச்சு வாங்க நின்றாலும், மேலே முருகனைப் பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறேன். எடை நின்றுபோயிருந்த மாதங்களிலும் அந்தப் படிகள் எளிதாகிக்கொண்டேதான் வந்தன. உங்களுக்கும் அது பக்கம்தான், போய்ப் பாருங்கள். அன்றாட நடைக்கு எங்களுக்கு வ.உ.சி. மைதானம், அதுவும் சித்திரை, வைகாசியில் வெயில் ஏறுவதற்கு முன்பே முடித்தாக வேண்டும். உங்களுக்கோ ஆனி, ஆடியில் குற்றாலச் சாரலில் நடக்கிற பாக்கியம் இருக்கிறது. நடையோடு, வாரத்தில் இரண்டு மூன்று நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும். எதிலுமே ஈடுபாடில்லாமல், அழுகையாகவே வாரக்கணக்கில் இருந்தால் அது வெறும் சலிப்பு இல்லை. மனநல மருத்துவரைப் பார்ப்பதும் இந்தச் சிகிச்சையின் ஒரு பகுதியே.

கடைசியாக ஒன்று. சமைப்பது உங்கள் அம்மா என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த முறை பரிசோதனைக்குப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். உணவியல் நிபுணரிடம் நீங்கள் பேசாமல் அவரையே கேட்கவிடுங்கள்: அவியலில் தேங்காய் எவ்வளவு போடலாம், அடைக்கு எந்தப் பருப்பு எவ்வளவு, இரவு என்ன கொடுக்கலாம் என்று. எங்கள் அத்தை அப்படி ஒரு தடவை வந்து, தன் சந்தேகங்களையெல்லாம் தானே கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் எங்கள் வீட்டில் இரண்டு சமையல் ஒன்றானது.