மாதக் கட்டணம் 1,200, மற்றதெல்லாம் தனி

விஜயதசமி முடிந்து இரண்டு வாரத்தில் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சங்கதிதான்: பிள்ளைகளைச் சேர்த்துவிட்ட வகுப்புகளும் அதற்குப் போகிற பணமும். சீட்டு, காப்பீடு என்று கேட்டிருந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், உங்கள் முறை அடுத்த இதழில். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

பெரியவன் ஆறாம் வகுப்பு: கீபோர்டு 1,800, ஷட்டில் 2,000. சின்னவள் மூன்றாம் வகுப்பு: அபாகஸ் 1,200, பரதநாட்டியம் 1,000, ஓவியம் 800. ஆக மாதம் 6,800. இரண்டு பேர் சம்பளத்தில் சமாளித்துவிடலாம் என்றுதான் ஆரம்பித்தோம், ஆனால் மாசக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. எதை நிறுத்தலாம்?
– வாசகி, மடிப்பாக்கம்

6,800 என்பது நோட்டீசில் போட்டிருக்கிற தொகை. நீங்கள் கொடுக்கிற தொகை அது இல்லை. பன்னிரண்டால் பெருக்கினாலே 81,600 வந்துவிடுகிறது, அதற்கு மேல் அபாகஸில் ஒவ்வொரு லெவலுக்கும் புதுப் புத்தகம், தேர்வுக் கட்டணம், வருடத்துக்கு ஒரு போட்டி, அந்தப் போட்டிக்குப் போட்டுக்கொண்டு போக அவர்கள் பெயர் அச்சடித்த டி-ஷர்ட். ஷட்டிலுக்கு மட்டை, நரம்பு அறுந்தால் திரும்பக் கட்டுகிற கூலி, நான்-மார்க்கிங் ஷூ (ஆறாம் வகுப்புப் பையனின் கால் எட்டு மாதத்துக்கு மேல் ஒரே ஷூவில் இருக்காது). கீபோர்டில் கிரேடு தேர்வு என்று ஆரம்பித்தால், வெளிநாட்டு வாரியத்தின் தேர்வாக இருந்துவிட்டால், ஒரு தேர்வுக் கட்டணமே பல மாத வகுப்புக் கட்டணத்தை விழுங்கும். அப்புறம் ஐந்து வகுப்புக்கும் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருகிற பெட்ரோல், வெளியே காத்திருக்கும்போது வாங்கிக் கொடுக்கிற பப்ஸ், ஜூஸ். இதையெல்லாம் யாரும் வகுப்புச் செலவில் எழுதுவதில்லை, வீட்டுச் செலவில் கரைந்துவிடுகிறது. ஒரு லட்சத்தைத் தாண்டியிருப்பீர்கள் என்பது என் கணிப்பு.

என் கதையைச் சொல்கிறேன். மகள் நாட்டியம் கற்றபோது மாதக் கட்டணம் 300 ரூபாய். ஆண்டு விழா வந்தது. அன்றைய செலவை டைரியில் எழுதி வைத்திருக்கிறேன்: உடை வாடகை 600, மேக்கப் 350, நகை செட் வாடகை 200, குரூப் போட்டோ 150, டிவிடி 200. மொத்தம் 1,500, அதாவது ஐந்து மாதக் கட்டணம் ஒரே சாயங்காலத்தில். மேடையில் அவள் இருந்தது நான்கு நிமிடம், மூன்றாவது வரிசையில் இடது ஓரம். சவுரி வைத்துப் பின்னிய ஜடையும் குஞ்சலமும் கனத்துக் கழுத்து வலிக்கிறது என்று மதியத்திலிருந்தே அழுகை, விரல் நுனியில் வைத்த அல்தா ஒரு வாரம் போகவில்லை. அதைப் பள்ளியில் எல்லோருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த 1,500 வீண் என்று நான் சொல்ல வரவில்லை. சேர்க்கும்போதே தெரிந்திருந்தால் அந்த மாதம் கேஸ் சிலிண்டருக்குத் தம்பியிடம் கைமாற்று வாங்கியிருக்க மாட்டேன், அவ்வளவுதான்.

ஆகவே முதலில் ஒவ்வொரு வகுப்பிலும் போய், "போன வருடம் சேர்ந்த பிள்ளைக்கு வருடம் முழுக்க மொத்தம் எவ்வளவு ஆயிற்று?" என்று கேளுங்கள். ஆசிரியரைவிட வாசலில் நிற்கிற மற்ற அம்மாக்கள் துல்லியமாகச் சொல்வார்கள்.

எதை நிறுத்துவது என்பதற்கு என்னிடம் ஒரே ஒரு சோதனைதான் உண்டு. வகுப்பு இல்லாத நாளில், யாரும் சொல்லாமல், பிள்ளை தானாக எதை எடுக்கிறது? கீபோர்டு மேல் துணி போர்த்தியபடியே வாரம் முழுக்க இருந்தால் அது பேசிவிட்டது. சின்னவளின் அபாகஸ் பற்றி என் சொந்த அபிப்பிராயம்: இரண்டு மூன்று லெவல் போதும். கூட்டல் கழித்தலில் வேகம் வரும், ஆனால் ஐந்தாம் வகுப்புக்கு மேல் கணக்கில் திணறுகிற பிள்ளைகளில் பலர் கூட்டத் தெரியாமல் திணறுவதில்லை, கேள்வி என்ன கேட்கிறது என்று புரியாமல்தான் திணறுகிறார்கள். அதற்கு மணிச்சட்டம் உதவாது. ஓவியத்தை நிறுத்தாதீர்கள், இருக்கிறதிலேயே மலிவு அதுதான், அதோடு 800 ரூபாய் வகுப்பு நின்றாலும் சுவரில் கிறுக்குவது நிற்காது.

ட்யூஷன் ஃபீசுக்கு வருமான வரியில் சலுகை உண்டு என்கிறார்களே, நாட்டிய, நீச்சல் வகுப்பு ரசீதைக் காட்டலாமா?
– வாசகர், ஈரோடு

முடியாது. அந்தச் சலுகையில் 'ட்யூஷன் ஃபீஸ்' என்பது பள்ளி, கல்லூரி, பல்கலைக்கழகத்துக்கு முழுநேரப் படிப்புக்காகக் கட்டுகிற கல்விக் கட்டணம், அதுவும் இரண்டு பிள்ளைகளுக்கு, பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும். நாம் தமிழில் ட்யூஷன் என்று சொல்கிற சாயங்கால வகுப்பு அதில் சேராது. பெயர் ஒன்றாக இருப்பதால் வந்த குழப்பம்.

வரி என்று பேச்சு வந்ததால் இன்னொன்று. ஜிஎஸ்டி பதிவுள்ள பெரிய மையங்களில் 2,000 என்று சொல்லிவிட்டுப் பில்லில் 18 சதவீதம் சேர்த்து 2,360 வாங்குவார்கள். தெருக்கோடியில் வீட்டில் பாட்டு சொல்லிக்கொடுக்கிற டீச்சருக்கு இந்தத் தொல்லை கிடையாது, கலையைத் தனிநபர் கற்றுக்கொடுப்பதற்கு விலக்கே இருக்கிறது. சேரும் முன்பு, "வரியோடு எவ்வளவு?" என்று கேட்டுவிடுங்கள்.

மகன் நான்காம் வகுப்பு, வேன் 3.45-க்கு இறக்கிவிடும். நாங்கள் இருவரும் வீடு சேர ஏழு ஆகிவிடும். அதனால் திங்கள் முதல் வெள்ளி வரை தினம் ஒரு வகுப்பு. "பிள்ளையைப் பந்தாட்டம் ஆடுகிறீர்கள், காசையும் கொட்டுகிறீர்கள்" என்று மாமியார் போனில் திட்டுகிறார். தப்பு செய்கிறேனா?
– வாசகி, திருப்பூர்

தப்பு இல்லை. ஆனால் நீங்கள் வாங்குவது கராத்தேவும் வேதக் கணிதமும் இல்லை, மூன்றேகால் மணி நேரப் பாதுகாப்பு. அதற்கு அந்தப் பெயரையே வைத்துக் கணக்குப் போட்டால் பாதிச் சிக்கல் தீரும். கராத்தே என்றால் பெல்ட்டுக்குப் பெல்ட் தேர்வுக் கட்டணம் கட்டியாக வேண்டும், வெள்ளையிலிருந்து மஞ்சள், மஞ்சளிலிருந்து ஆரஞ்சு என்று மாஸ்டர் அனுப்பிக்கொண்டே இருப்பார். பையனை ஒரு இடத்தில் பத்திரமாக வைத்திருப்பதற்கு எதற்குப் பெல்ட்?

உங்கள் தெருவிலோ அடுத்த தெருவிலோ வீட்டில் பத்துப் பிள்ளைகளை வைத்து வீட்டுப்பாடம் செய்ய வைக்கிற ஒரு அக்கா இருப்பார், விசாரியுங்கள். நான்கு மணிக்குப் போய், கை கால் கழுவி, டிபன் பாக்ஸில் மிச்சம் இருப்பதைத் தின்று, எழுதி முடித்துவிட்டு மற்ற பிள்ளைகளோடு கேரம் ஆடிக்கொண்டிருப்பான். ஐந்து வகுப்புக்கும் கொடுப்பதைவிடக் குறைவாகத்தான் ஆகும், வகுப்பு மாற்றி வகுப்புக்கு ஆட்டோவும் வேண்டாம். அவனுக்கு நிஜமாகப் பிடித்த ஒன்றை மட்டும் சனி ஞாயிறில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாமியாரிடம், "நீங்கள் வந்து இரண்டு மாதம் இருங்களேன் அத்தை" என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். வந்தால் பையனுக்கு யோகம், வராவிட்டால் போன் குறையும்.

ஆட்டோ ஓட்டுகிறேன். ஏழாம் வகுப்புப் படிக்கும் மகளுக்குப் பாட்டு கற்க ஆசை. தனியார் வகுப்பில் கேட்ட தொகை கட்டுப்படியாகாது. அரசாங்கத்தில் ஏதாவது இருக்கிறதா?
– வாசகர், விருதுநகர்

இருக்கிறது தம்பி, ஆனால் விளம்பரம் செய்யத் தெரியாது அவர்களுக்கு. கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றம் என்று விசாரியுங்கள். 5 வயது முதல் 16 வயது வரை பிள்ளைகளுக்கு வார விடுமுறையில் பாட்டு, நடனம், ஓவியம் போன்ற வகுப்புகள், கட்டணம் பெயருக்குத்தான். உங்கள் பக்கத்தில் எந்த இடத்தில் நடக்கிறது, இந்த வருடம் பாட்டுக்கு ஆசிரியர் இருக்கிறாரா என்பதை நேரில் போய்க் கேட்டுவிட்டுச் சேருங்கள்.

இதையும் மாவட்ட அரசு இசைப் பள்ளியையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். இசைப் பள்ளி 12 முதல் 25 வயதுக்காரர்களுக்கான மூன்று வருடப் படிப்பு, நாதசுரம், தவில், தேவாரம் எல்லாம் உண்டு, ஆனால் பகலில் நடப்பது, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு ஒத்துவராது. மகள் விளையாட்டிலும் கெட்டி என்றால் மாவட்ட விளையாட்டு அரங்கத்தில் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பயிற்சியாளர்கள் இருப்பார்கள், போய்ப் பாருங்கள். மதுரைக்குச் சவாரி போனால் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் பிள்ளைகள் பகுதிக்கு ஒரு தடவை கூட்டிப் போங்கள், உள்ளே போகக் காசு கிடையாது.

ரோபோட்டிக்ஸ் வகுப்புக்கு ஒரு வருடக் கட்டணம் 36,000 மொத்தமாகக் கட்டினோம். மூன்று மாதத்தில் மூன்று ஆசிரியர்கள் மாறிவிட்டார்கள், மகனும் போக மாட்டேன் என்கிறான். பணம் திருப்பித் தரும் வழக்கம் இல்லை என்கிறார்கள்.
– வாசகர், சென்னை

மூன்று மாதம் போனது 9,000, மீதி 27,000-ஐ நீங்கள் கேட்கலாம், கேட்க வேண்டும். பயிற்சி மையங்களுக்காக மத்திய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. மாணவர் பாதியில் நின்றால் மீதிக் காலத்துக்கான பணத்தைக் கணக்குப் பார்த்து பத்து நாளில் திருப்பித் தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. ஆனால் அதே வழிகாட்டுதலில் விளையாட்டு, நடனம், நாடகம் போன்ற படைப்புக் கலைகளைப் 'பயிற்சி' என்ற கணக்கிலிருந்து விட்டுவிட்டார்கள், 50 மாணவர்களுக்கு மேல் இருந்தால்தான் மையம் என்றும் எழுதியிருக்கிறார்கள். ரோபோட்டிக்ஸ் பாடமா, படைப்பா என்று அவர்களின் வக்கீல் நன்றாகவே வாதாடுவார்.

அதனால் அதை மட்டும் நம்பாமல் நுகர்வோர் சட்டத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் எழுத்தில் ஒரு கடிதம்: எந்தத் தேதியில் கட்டினீர்கள், எத்தனை வகுப்பு நடந்தது, ஆசிரியர் எப்போதெல்லாம் மாறினார், எவ்வளவு திரும்ப வேண்டும். சண்டையை வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள், அங்கே போட்டது நாலு பேர் அழுகிற முகம் போடுவதோடு முடிந்துவிடும். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை, ஆனால் இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும்.

இதே கேள்வியை மாதத் தவணையில் கட்டுகிற இன்னொருவரும் கேட்டிருந்தார். உங்கள் நிலைமை இன்னும் சிக்கல், ஏனென்றால் அது தவணை இல்லை, கடன். மையம் தன் பணத்தை ஒரு நிதி நிறுவனத்திடம் அன்றைக்கே வாங்கிக்கொண்டது, நீங்கள் கட்டுவது அந்த நிறுவனத்துக்கு. வகுப்பை நிறுத்தினாலும் கடன் நிற்காது, கட்டாவிட்டால் சிபில் மதிப்பெண் அடிபடும். இரண்டு பேருக்கும் கடிதம் போடுங்கள். மாதாமாதம் வாங்கிக்கொள்ளாத எந்த வகுப்பிலும் நான் பிள்ளையைச் சேர்க்க மாட்டேன், பத்து சதவீதம் தள்ளுபடி என்றாலும்.

மகனுக்கு ஒன்பது வயது, செஸ்ஸில் திறமை இருக்கிறது, மாதம் ஒரு போட்டிக்காவது வெளியூர் போக வேண்டும் என்கிறார் கோச். எவ்வளவு தூரம் செலவு செய்யலாம்?
– வாசகி, சேலம்

பிரக்ஞானந்தாவின் வீட்டிலேயே இந்தக் கேள்வி இருந்தது. அக்கா வைஷாலி டிவி பார்ப்பதைக் குறைக்கத்தான் செஸ்ஸில் சேர்த்தார்கள், வங்கியில் வேலை பார்த்த அப்பா, பணக் கஷ்டத்தால் பையனை இதில் இழுக்க வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்திருக்கிறார். குகேஷின் அப்பா டாக்டர், மகனோடு ஊர் ஊராகப் போகத் தொழிலையே நிறுத்தி வைத்தார், ஒரு கட்டத்தில் பெற்றோரின் நண்பர்கள் பண உதவி செய்திருக்கிறார்கள். 2024 டிசம்பரில் பதினெட்டு வயதில் உலக சாம்பியன் ஆனதை மட்டும்தான் நாம் போஸ்டரில் பார்த்தோம்.

செஸ்ஸில் பலகை மலிவு, ரயில் டிக்கெட்தான் விலை. நுழைவுக் கட்டணம் ஒருவருக்கு, பயணமும் அறை வாடகையும் இரண்டு பேருக்கு, உங்கள் விடுப்பு வேறு. ஒரு வருடம் சேலம், நாமக்கல், ஈரோடு என்று காலையில் போய் ராத்திரி திரும்புகிற போட்டிகள் மட்டும் ஆடட்டும், மீதி நாள் இணையத்தில் இலவசமாக ஆடலாம். அதில் பையன் தோற்று வந்த ராத்திரி அதே ஆட்டத்தைத் திரும்ப அடுக்கிப் பார்க்கிறானா என்று கவனியுங்கள். பார்த்தான் என்றால் அடுத்த வருடம் வெளியூர் போவதைப் பற்றிப் பேசலாம்.

அரங்கேற்றத்துக்கு நகையை அடகு வைக்கலாமா?
– வாசகர், கும்பகோணம்

வேண்டாம். மண்டபம், பக்கவாத்தியம், உடை, அழைப்பிதழ், சாப்பாடு என்று கல்யாணம் மாதிரி நீளும் அது, குரு தட்சிணை தனி. குருவிடம் வெட்கப்படாமல், "எங்களால் இவ்வளவுதான் முடியும்" என்று தொகையைச் சொல்லுங்கள். உங்கள் ஊரில் கோயிலுக்கா பஞ்சம், நவராத்திரி மேடையில் ஆட அவர் ஒத்துக்கொண்டாலும் கொள்வார்.

என் மகன் எந்த வகுப்புக்கும் போகாமல் தினமும் தெருவில் கிரிக்கெட் ஆடுகிறான். எங்கள் அபார்ட்மெண்டில் இவன் ஒருவன்தான் இப்படி. கவலையாக இருக்கிறது.
– வாசகி, பெரம்பூர்

டென்னிஸ் பந்து ஐம்பது அறுபது ரூபாய்க்குள் கிடைக்கும். கீழ்வீட்டு ஜன்னல் கண்ணாடிக்கு மட்டும் தனியாக ஒரு தொகை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.