‘சிலோன்காரி ஊசி போட வேண்டாம்’ என்றால்...

கேள்வி: மண்டபம் அகதி முகாமில் பிறந்து வளர்ந்தவள் நான். அம்மா 1990-ல் தலைமன்னாரிலிருந்து படகில் வந்தவர். நர்சிங் முடித்து, கவுன்சிலில் பதிவு செய்து, இரண்டு வருடமாக ராமநாதபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். போன மாதம், கையில் அடிபட்டுச் சேர்ந்திருந்த ஒரு மீனவருக்கு ஊசி போடப் போனேன். கூட இருந்த உறவினர், “உங்க நேவி எங்க ஆளுகள அடிச்சு போட்டைப் புடிச்சு வச்சிருக்கு. இந்த சிலோன்காரியா ஊசி போடணும்? வேற ஆள அனுப்புங்க” என்று சத்தம் போட்டார். இன்சார்ஜ் சிஸ்டர் வந்து அவரைச் சமாதானப்படுத்தி, வேறு நர்ஸை அனுப்பினார். மறுநாளிலிருந்து எனக்குத் தொடர்ந்து நைட் டூட்டிதான். ‘ஆமாம்’ என்பதற்கு எங்கள் இலங்கை வழக்கில் நான் “ஓம்” என்று சொன்னால் டூட்டி ரூமில் சிரிப்பு. கூடச் சேர்ந்தவர்களைவிடச் சம்பளமும் 2,000 ரூபாய் குறைவு. ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் ஆபீஸில் இருக்கிறது. புகார் கொடுக்கலாம் என்றால் அம்மா, “நாங்கள் அகதிகள், வாயைத் திறக்காதே, கியூ பிராஞ்ச் போலீஸ் வரைக்கும் போகும்” என்கிறார். பொறுத்துப் போகவா, வேலையை விடவா?
- பெயர் வேண்டாம், மண்டபம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

பொறுத்துப் போகவும் வேண்டாம், இப்போதைக்கு வேலையை விடவும் வேண்டாம். சர்டிபிகேட் அவர்கள் பீரோவில் இருக்கும்போது கோபத்தில் வெளியே வந்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

அந்த உறவினரை முதலில் ஒதுக்கி வைத்துவிடுவோம். ராமேஸ்வரம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் படகைப் பறிகொடுத்த வீடும், அக்கரைச் சிறையில் ஆள் இருக்கும் வீடும் எத்தனையோ. அவர் கோபம் நியாயம், விலாசம்தான் தப்பு. அந்த ராணுவத்துக்கும் கடற்படைக்கும் பயந்து படகேறிய பெண்ணின் மகளிடம் போய் ‘உங்க நேவி’ என்கிறார்! இத்தனைக்கும், வெள்ளைக்காரன் காலத்தில் இந்தச் சீமையிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போனவர்களைத் தங்கவைத்து, தொற்றுநோய் இருக்கிறதா என்று பரிசோதித்து அனுப்பிய இடம்தான் உங்கள் மண்டபம் முகாம். சிலோனுக்குப் போன தாத்தா ஒருவராவது இல்லாத வம்சம் அந்தப் பக்கம் குறைவு. இதையெல்லாம் அவரிடம் சொல்லி வாதாட வேண்டாம். வலியோடு படுத்திருப்பவரின் கட்டில் பக்கத்தில் வரலாற்றுப் பாடம் எடுபடாது.

காரியம் கெட்டது மறுநாள் காலையில். ஒரு ஆள் போட்ட சத்தத்துக்கு உங்கள் டூட்டியே மாறியது பாருங்கள், அதுதான் பாரபட்சம். சத்தம் போட்டவரிடம் “எங்கள் நர்ஸ்தான் பார்ப்பார்” என்று சொல்வதைவிட நர்ஸை இடம் மாற்றுவது சுலபம். இன்சார்ஜ் சிஸ்டர் உங்கள்மேல் வெறுப்பில் செய்திருக்க வேண்டும் என்பதில்லை. பிரச்சினையை முடித்துவிட்டோம் என்றுகூட நினைத்திருப்பார். ஆனால் உறவினர் கேட்டது ஒரு ஊசிக்கு வேறு ஆள். மருத்துவமனை கொடுத்ததோ ஒரு மாத ராத்திரி. வருத்தப்பட்ட விஷயங்கள் நாலைந்து எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் மோத வேண்டிய இடம் இந்த ரோஸ்டர்தான், அதாவது டூட்டிப் பட்டியல். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வரட்டும்.

இன்னொரு முறை யாராவது வேண்டாம் என்றால், நானும் வார்டில் பல வருடம் நின்றவள் என்ற உரிமையில் சொல்கிறேன், குரலை உயர்த்தாமல் இவ்வளவு போதும்: “ஐயா, இந்த ஷிஃப்டுக்கு உங்களுக்கு நான்தான் நர்ஸ். இது எட்டு மணி ஊசி. வேண்டாம்னா கேஸ் ஷீட்ல எழுதிட்டு டாக்டரைக் கூப்பிடுறேன்.” பாதிப் பேர் இதிலேயே கையை நீட்டிவிடுவார்கள். நீட்டாவிட்டால், சொன்னபடியே எழுதுங்கள்: மணி, மருந்தின் பெயர், ‘நோயாளி மறுத்தார்’, அவர் சொன்ன காரணம் அவர் வார்த்தையிலேயே, டாக்டருக்குத் தெரிவித்த நேரம், உங்கள் கையெழுத்து. அங்கே உங்கள் அபிப்பிராயம் ஒரு வரிகூட வேண்டாம். டூட்டி ரூமில் அழுதது யாருக்கும் நினைவிருக்காது. கேஸ் ஷீட்டில் ஏறியதை நிர்வாகம் லேசில் அழிக்க முடியாது. ஒரு ஆன்டிபயாடிக் டோஸ் தள்ளிப்போனால் அது நோயாளியின் பாதுகாப்புப் பிரச்சினை. அதற்கு டாக்டரும் பதில் சொல்ல வேண்டியவர், அதனால் அவரும் உங்கள் பக்கம் பேசியாக வேண்டிவரும்.

அடுத்தது மனு. இன்சார்ஜுக்கு இல்லை, நர்சிங் சூப்பிரண்டுக்கு. அப்படி ஒருவர் இல்லாத சின்ன மருத்துவமனை என்றால் நிர்வாக இயக்குநருக்கு. ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. எழுதுவதற்கு முன்னால் இரண்டு மாத ரோஸ்டரையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், சம்பவத்துக்கு முந்தையது ஒன்று, பிந்தையது ஒன்று. நோயாளியின் பெயரோ கேஸ் ஷீட்டோ அந்தப் படத்தில் விழக் கூடாது. அந்த ஒரு தப்பை வைத்தே உங்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். மனு இந்த மாதிரி இருக்கட்டும்:

“இன்ன தேதி, பகல் டூட்டி, ஆண்கள் வார்டில் ஒரு நோயாளியின் உறவினர் என் பூர்வீகத்தைச் சொல்லி என்னிடம் சிகிச்சை வேண்டாம் என்றார். என் வேலையில் குறை எதுவும் சொல்லப்படவில்லை. மறுநாள் முதல் இத்தனை இரவுகள் தொடர்ந்து எனக்கு நைட் டூட்டி தரப்பட்டுள்ளது. அதே வார்டில் மற்றவர்களுக்குச் சுழற்சி முறை தொடர்கிறது. என்னையும் சுழற்சியில் சேர்க்கவும், சேர்க்க இயலாது எனில் காரணத்தை எழுத்தில் தரவும் வேண்டுகிறேன்.”

‘அவமானம்’, ‘மன உளைச்சல்’ எல்லாம் வேண்டாம். மன்னிப்பும் கேட்கச் சொல்லாதீர்கள். முணுமுணுப்பாக ஒரு ‘சாரி’ வரும், அதோடு விஷயம் முடிந்தது என்று ஃபைலை மூடிவிடுவார்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு சீல் வாங்குங்கள். சீல் போட மறுத்தால் அஞ்சலில் ஒப்புகையோடு அனுப்பிவிடுங்கள்.

சர்டிபிகேட்டைத் தனி மனுவில் கேளுங்கள், இதோடு கலக்க வேண்டாம். மேல்படிப்புக்கு விண்ணப்பிக்க ஒரிஜினல் வேண்டும் என்று ஒரு வரி போதும். அது உங்கள் சொத்து, பிணையாக வைத்துக்கொள்ள அவர்கள் அடகுக்கடை நடத்தவில்லை. அது கைக்கு வந்த பிறகுதான் சம்பளப் பேச்சு. தனியார் மருத்துவமனை நர்ஸ்களின் சம்பளம் பற்றி 2016-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான இடத்திலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, 200 படுக்கைக்கு மேல் என்றால் மாநில அரசு நர்ஸுக்கு இணையாக இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. பரிந்துரைதான், நம் பக்கம் அதை யார் மதிக்கிறார்கள் என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது. இருந்தாலும் ஒரே படிப்பு, ஒரே வேலை, ஒரே நாள் சேர்ந்தவர்களுக்குள் ஏன் இந்த 2,000 ரூபாய் என்று கேட்கும்போது அந்தக் காகிதம் கையில் இருக்கட்டும்.

அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். அதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. முப்பது வருடத்துக்கு மேல் ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஒரு அதிகாரியின் முகத்தைப் பார்த்து நின்றவர் அவர். ஆனால் வேலை பார்க்கும் இடத்தில் மேலதிகாரிக்கு நீங்கள் எழுதும் மனுவுக்கும் முகாம் பதிவுக்கும் சம்பந்தமில்லை. போலீஸுக்குப் போங்கள் என்று நான் சொல்லவும் இல்லை.

சட்டம் எவ்வளவு தூரம் வரும் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இனத்தையோ பிறந்த நாட்டையோ காட்டித் தனியார் நிறுவனம் ஒருவரை ஒதுக்கினால் தண்டிக்க, எல்லாருக்கும் பொதுவான தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. அரசியலமைப்பின் 15, 16-ம் பிரிவுகள் குடிமக்களுக்கு. 14, 21-ம் பிரிவுகள் இந்த மண்ணில் இருக்கும் எவருக்கும். சக்மா அகதிகள் வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. ஆனால் அவை முக்கியமாக அரசைத்தான் கட்டுப்படுத்தும், தனியார் மருத்துவமனைமேல் அவற்றை நேரடியாகக் காட்டுவது கடினம். அதனால்தான் காகிதம், தேதி, சீல் என்று இவ்வளவு நேரம் பேசினேன். இலவச வக்கீல் மட்டும் உங்களுக்கு நிச்சயம் உண்டு. 1987-ம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ம் பிரிவில் பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. தொலைபேசி 15100.

குடியுரிமைப் பேச்சு வந்ததால் முகாமில் இருக்கும் மற்ற வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை: 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1-க்கு முன்பு வரை இந்தியாவில் பிறந்தவர்கள் பிறப்பாலேயே குடிமக்கள். 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த நளினி கிருபாகரன், 2022-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் பாஸ்போர்ட்டுக்கு உத்தரவு வாங்கி, 2024 தேர்தலில் திருச்சியில் ஓட்டும் போட்டார். உங்கள் வீட்டில் பழைய பிறப்புச் சான்றிதழ் இருந்தால் தூசி தட்டிப் பாருங்கள்.

டூட்டி ரூம் சிரிப்புக்கு மனு வேண்டாம். சிரிக்காத ஒருத்தி அங்கே இருப்பாள். அவளோடு சேர்ந்து சாப்பிடுங்கள். நாளைக்குச் சாட்சி வேண்டியிருந்தாலும் அவள்தான். ‘ஓம்’ என்பதை மாற்றிக்கொள்ளவும் வேண்டாம்.

மனு கொடுத்து 15 நாள் பாருங்கள். பதில் இல்லையென்றால், சீல் வைத்த பிரதி, இரண்டு ரோஸ்டர் படம், சம்பளச் சீட்டு, முகாம் அடையாள அட்டை நகல் இவற்றோடு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், ராமநாதபுரம் நீதிமன்ற வளாகம்தான். முகாம்களில் வெகுகாலமாக வேலை செய்யும் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தினரையும் கேட்கலாம். வக்கீல் நோட்டீஸ் ஒன்று போனாலே பல இடங்களில் ரோஸ்டர் தானாக மாறிவிடுகிறது. மாறாவிட்டால், அனுபவச் சான்றிதழையும் வாங்கிக்கொண்டு மதுரைப் பக்கம் வேலை தேடுங்கள். வெளியூரில் தங்க முகாம் அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டியிருக்கும், அதற்கு இப்போதே ஒரு விண்ணப்பம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.