அமெரிக்கக் குடியுரிமை கேட்பவரிடம் அரசியல் கொள்கையைப் பற்றி ஏன் கேட்கிறார்கள்?

"அப்பா இந்தியாவில் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர். நானும் கல்லூரி நாட்களில் இடதுசாரி மாணவர் சங்கத்தில் இருந்தேன். அமெரிக்கக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தால் சிக்கல் வருமா? கொள்கையைப் பற்றிக் கேட்க அவர்களுக்கு என்ன உரிமை?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அப்பாவின் கட்சி அட்டை உங்களைத் தடுக்காது. நீங்கள் உறுப்பினராக இருந்தீர்களா என்பதைத்தான் சட்டம் பார்க்கிறது. அதுவும் விண்ணப்பத்துக்கு முந்தைய 10 ஆண்டுகளுக்குள். 16 வயதுக்குள் சேர்ந்து விலகியவர்களுக்கும், வேலைக்காகவோ ரேஷனுக்காகவோ சேர நேர்ந்தவர்களுக்கும் விலக்கு உண்டு. ஆனால் குடியுரிமைக்கான விண்ணப்பமான என்-400 படிவத்தில் உள்ள கேள்வி இதைவிட அகலமானது. உலகில் எங்காவது, எப்போதாவது, எந்த வகையிலாவது கம்யூனிஸ்ட் கட்சியோடு தொடர்பு இருந்ததா என்று கேட்கிறது.

என் நேர்காணலில் அந்தக் கேள்வி வந்தபோது தாத்தாவின் நினைவு வந்தது. அவர் கோவைப் பஞ்சாலைத் தொழிலாளி. மே தினத்தன்று காலையில் என் பள்ளிச் சட்டையில் சிவப்பு ரிப்பனைக் குண்டூசியால் குத்திவிடுவார். அதை அதிகாரியிடம் சொன்னேன். சந்தா கட்டியதுண்டா, அட்டை வைத்திருந்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். சிவப்பு மைப் பேனாவால் குறியிட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். 1957இல் கேரளத்தில் தேர்தலில் வென்று ஆட்சி அமைத்த கட்சி அது. எங்கள் ஊரில் அதன் கொடிக்கம்பம் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் நிற்கும். அதே பெயர் இந்த மேசையில் ஐயத்துக்குரிய சொல்லாகிவிட்டது எனக்கு வலித்தது.

இந்த ஐயத்துக்கு வயது நூற்றுக்கு மேல். 1901இல் அதிபர் மெக்கின்லியைச் சுட்டவன் அராஜகவாதி, அதாவது அரசே வேண்டாம் என்ற கொள்கைக்காரன். அவன் அமெரிக்காவிலேயே பிறந்தவன். ஆனால் 1903இல் வந்த சட்டம் கதவடைத்தது வெளிநாட்டு அராஜகவாதிகளுக்கு. பனிப்போர்க் காலத்தில், 1950, 1952ஆம் ஆண்டுச் சட்டங்கள் கம்யூனிஸ்டுகளை அந்த வரிசையில் சேர்த்தன.

இதில் என்னை மிகவும் நெகிழ வைப்பது வில்லியம் ஷ்னைடர்மன் வழக்கு. ரஷ்யாவில் பிறந்து சிறுவயதிலேயே அமெரிக்கா வந்தவர். 1927இல் குடியுரிமை பெற்றபோதே கட்சியில் இருந்தார். அதைக் காரணம் காட்டி 1939இல் அரசு அவருடைய குடியுரிமையைப் பறிக்க வழக்குத் தொடுத்தது. உச்ச நீதிமன்றத்தில் அவருக்காக வாதாடியவர் வெண்டெல் வில்கி. 1940இல் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராக நின்றவர், பெரிய நிறுவனங்களின் வழக்கறிஞர், கம்யூனிசத்துக்கு முற்றிலும் எதிரானவர். ஒரு காசு வாங்காமல் வாதாடினார். 1943இல் ஷ்னைடர்மன் வென்றார். கட்சி சொல்வதையெல்லாம் அதன் உறுப்பினர் ஒருவரின் சொந்த நம்பிக்கையாக எடுத்துக்கொள்ள முடியாது என்றது நீதிமன்றம். குடியுரிமையைப் பறிக்க ஐயத்துக்கு இடமில்லாத தெளிவான சான்று வேண்டும் என்றும் சொன்னது.

உரிமை பற்றிய உங்கள் கேள்விக்கு என் பதில் இது. வன்முறையில் இறங்கினாரா, பிறரைத் துன்புறுத்தினாரா என்று கேட்கட்டும், கேட்கத்தான் வேண்டும். எந்தக் கொடியின் கீழ் நின்றார் என்று கேட்பது தவறு. இங்கே பிறந்தவர் அந்தக் கட்சியில் சேர்ந்தாலும் அவர் குடியுரிமையைத் தொட முடியாது. உறுதிமொழி எடுத்துக் குடியுரிமை பெற்றவர் அதன்பின் 5 ஆண்டுகளுக்குள் சேர்ந்தால், அதையே சான்றாக வைத்து அவர் குடியுரிமையை ரத்து செய்யக் கோர இன்றும் சட்டத்தில் இடமிருக்கிறது. ஒரே நாட்டில் இரண்டு வகைக் குடிமக்கள் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

உங்கள் விஷயத்தில், எதையும் மறைக்காதீர்கள். உறுப்பினராக இருந்ததைவிட, இல்லை என்று பொய் சொன்னதுதான் பிற்காலத்தில் குடியுரிமையையே பறிக்கும். அந்தச் சங்கம் கட்சியோடு முறைப்படி இணைந்ததா, நீங்கள் கடைசியாகச் சந்தா கட்டியது எந்த ஆண்டு என்று பழைய நண்பர்களிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள். கிரீன் கார்டு விண்ணப்பத்தில் இதே கேள்விக்கு என்ன எழுதினீர்கள் என்ற நகலையும் தேடி எடுங்கள். அன்று எழுதியதும் இப்போது எழுதப்போவதும் முரண்பட்டால், படிவத்தை அனுப்புவதற்கு முன்பே குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள்.